கல் கேளுங்கள்: மரகதம் இல்லை, மாலகைட்

கேள்வி: உலகக் கோப்பை கால்பந்தில் கொடுக்கும் தங்கக் கோப்பையின் அடியில் பச்சையாக இரண்டு பட்டை தெரிகிறதே, அது மரகதமா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை, மாலகைட் என்ற வேறொரு பச்சைக் கல். 1974-லிருந்து கொடுத்துவரும் இந்தக் கோப்பையை வடிவமைத்தவர் சில்வியோ கட்ஸானிகா என்ற இத்தாலியச் சிற்பி. மேலே 18 காரட் தங்கம், அடியில் இரண்டு வளையம் மாலகைட். மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை எப்படி எடுப்பாக நிற்கிறது பாருங்கள்!

கேள்வி: ரஷ்ய அரண்மனையில் ஒரு அறையின் தூண்கள் முழுக்க மாலகைட் என்கிறார்களே, உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: முழுக்க என்பது கண்ணுக்கு மட்டும்தான். பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனை 1837-ல் தீப்பற்றியபின், பிரியுல்லோவ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அறை அது. சில மில்லிமீட்டர் கனத்தில் கல்லைச் சீவி, தூணின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். வித்தை ஒட்டுவதில் இல்லை, கோடு சேர்ப்பதில் இருக்கிறது. ஒரு துண்டின் பச்சை வளையம் அடுத்த துண்டில் தொடர வேண்டும். இடுக்கை அதே கல்லின் பொடி கலந்த பசையால் மூடி மெருகேற்றினால், இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பட்டறையில் கல் அறுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பொறுமைசாலிகளின் வேலை.

கல் வந்தது யூரல் மலைச் செம்புச் சுரங்கங்களிலிருந்து. அந்த ஊர்க் கதைகளில் செம்பு மலைக்கு ஒரு நாயகி உண்டாம். மாலகைட் உடை, கறுத்த பின்னல், கூடவே பரிவாரமாகப் பல்லிகள். பிடித்த தொழிலாளிக்குக் கல் இருக்கும் இடத்தைக் காட்டுவாள், பேராசைக்காரனை விடமாட்டாள். சுரங்கத்துக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களுக்கு இப்படி ஒருத்தி தேவைப்பட்டிருப்பாள். இப்போது சந்தைக்கு வரும் மாலகைட்டில் பெரும்பகுதி காங்கோவினுடையது.

கேள்வி: இணையத்தில் மாலகைட் பதக்கம் வாங்கினேன். மரகதத்துக்குப் பதிலாக அணியலாம் என்றார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது? அழுக்கானால் எப்படிக் கழுவுவது? (தேனி வாசகி)

பதில்: நவரத்தினத்தில் இந்தக் கல்லுக்கு இடமில்லை. பச்சை என்பதைத் தவிர மரகதத்தோடு உறவும் இல்லை. அழகுக்குப் போடுங்கள், தாராளமாக.

அசல் கல் தொட்டால் சில்லென்று இருக்கும், அளவுக்கு மீறிய கனம் இருக்கும். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மாறி மாறி வரும் வளையங்கள் சீராக இருக்காது. ஒரே அகலத்தில் அச்சடித்த மாதிரிக் கோடு, கையில் லேசு என்றால் பிளாஸ்டிக் என்று சந்தேகப்படுங்கள்.

கழுவுவதில்தான் கவனம் வேண்டும். செம்புக் குடத்தில் பச்சையாகப் பூக்கும் களிம்பு இருக்கிறதே, இந்தக் கல்லும் அந்த வகைதான், செம்புக் கார்பனேட். குடத்துக் களிம்பைப் புளி எடுத்துவிடுகிறது அல்லவா? பதக்கத்தையும் அப்படித்தான் அரிக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், அமோனியா எதுவும் வேண்டாம். நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போட விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 3.5 முதல் 4 வரைதான். தெருப் புழுதியில் இருக்கும் மணல் 7. மோதிரமாகப் போட்டால் சீக்கிரமே மெருகு போய்விடும், பதக்கமாக வாங்கியது நல்லதுதான். அப்புறம், அளவு பெரிதாக இருக்கிறது என்று வீட்டில் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பட்டறையில் நாங்களே தண்ணீர் விட்டு, முகமூடி போட்டுத்தான் அறுப்போம்.