கேள்விக்கும் விடைக்கும் நடுவில்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முன்பு பிரம்பைப் பார்த்தாலே வகுப்பு அடங்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கும் பயமில்லை. கேள்வி கேட்டால் முறைக்கிறார்கள், கடைசி பெஞ்சில் சிரிக்கிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடுகிறது. செல்போனும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோரும்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அன்பாக இருக்க வேண்டுமா?

ம., பென்னாகரம் வட்டம்

அன்புள்ள ம.,

அக்கறையில்லாத ஆசிரியருக்குத் தொண்டை கட்டாது. உங்களுக்குப் பதில் எழுத அதுவே போதும்.

பிரம்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் தடை செய்துவிட்டது. செல்போனையும் விடுங்கள். ஆனால் பெங்களூருக்குப் போன பெற்றோர் மேல் பழி போட்டீர்களே, அது எனக்குக் கோபத்தைத் தந்தது. மழையில்லாத மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பாட்டி கிண்டிய களியைத் தின்றுவிட்டு வரும் பிள்ளையிடம், பகலில் முகம் பார்த்துப் பேசுகிற பெரியவர் நீங்கள்தான்.

நான் பாலக்கோட்டுப் பக்கம் படித்தவன். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு உப்பு செய்த வேலை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறும் கறை அது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. அவனுக்கு அது முப்பது வருஷம் தாமதம். வாயைத் திறக்கக் கூசி, கேள்வி கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். தமிழ் வாத்தியாருக்கு அது திமிராகத் தெரிந்தது. "என்னடா முறைக்கிற?" என்று கேட்டு முடிக்கும் முன்பே அறை விழும். சில மாதங்களில் அவன் நிஜமாகவே முறைக்கக் கற்றுக்கொண்டான். பெஞ்சை உதைத்தான், கரும்பலகையில் கெட்ட வார்த்தை எழுதினான்.

அடுத்த பீரியட் கணக்கு. அந்த டீச்சர் அவனைக் கேள்வி கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி விரலில் ஒட்டிய சாக்குத் தூளைத் தட்டிக்கொண்டிருப்பார். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். வகுப்பு காத்திருக்கும். அவன் மெதுவாக விடை சொல்வான். ஒரே பையன், ஒரே பெஞ்சு, நடுவில் ஒரு மணியடி.

அந்தக் காத்திருப்பை அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களிலேயே அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மக்கு என்று தாங்களே முடிவுகட்டிய பிள்ளைக்குக் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிடக் குறைவான நேரம். மூன்று விநாடிக்கு மேல் பொறுக்கப் பழக்கியபோது பிள்ளைகளின் விடை நீண்டது, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். இன்னொன்றும் நடந்தது, அதை இரண்டு முறை படியுங்கள்: வகுப்பில் அதட்ட வேண்டிய தேவையே குறைந்தது. அங்கே யாரும் பிள்ளைகளைத் திருத்தவில்லை. ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், விடையை நாமே சொல்லிவிடத் துடிக்கும். நான் ஒன்பது வருஷம் டியூஷன் எடுத்தேன். முதல் நான்கு வருஷம் ஒரு பிள்ளைக்கும் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

கண்டிப்பா, அன்பா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு டீச்சர் எங்களைக் கொஞ்சியதே இல்லை. வீட்டுக்கணக்கு போடாமல் வந்தால் மதியம் உட்கார வைத்துப் போட வைப்பார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிள்ளைகள், பிள்ளைகள் என்று போகிறதே தவிர, அதில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. வருஷம் பாதி ஓடிவிட்டது, ம. கடைசி பெஞ்சில் சிரிக்கிறானே, அவன் பெயர் என்ன? நாளை அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.