அமெரிக்காவில் இணைய இணைப்புக்கு வரி இல்லை, வெப் ஹோஸ்டிங்குக்கு மட்டும் ஏன் வரி?

வெப் ஹோஸ்டிங் என்பது நம் இணையதளத்தை ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைத்து நடத்தித் தரும் சேவை. அதுவும் இணைய இணைப்பும் இரண்டும் இணையம்தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு.

இணைய இணைப்புக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று 1998-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. முதலில் தற்காலிகத் தடைதான். 2016-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். ஏற்கெனவே வரி வாங்கிக்கொண்டிருந்த டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களுக்குக் கொடுத்த சலுகையும் 2020 ஜூன் 30-உடன் முடிந்தது. இணைப்போடு சேர்த்தே கிடைக்கும் மின்னஞ்சல் போன்றவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. தனியாக வாங்கும் ஹோஸ்டிங்குக்குக் கிடையாது. அதனால் அதை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி நடத்துகிறது.

டெக்சாஸையே பாருங்கள். அங்கே ஹோஸ்டிங் என்பது தரவுச் செயலாக்கச் சேவை. கட்டணத்தில் 20% கழித்து, மீதி 80%-க்குத்தான் வரி. மாநில வரி 6.25%, உள்ளூர் வரி அதிகபட்சம் 2%. ஆக 100 டாலர் பில்லுக்கு 80 டாலர் மீது 8.25%, அதாவது 6.60 டாலர். பில்லில் 8.25 டாலர் வரி போட்டிருந்தால் அந்தக் கழிவு விடுபட்டிருக்கலாம், கட்டாயம் கேளுங்கள்!

கலிஃபோர்னியாவில் வெறும் ஹோஸ்டிங்குக்கு விற்பனை வரி இல்லை. மேரிலாண்ட் 2025 ஜூலை முதல் ஹோஸ்டிங் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பச் சேவைகளுக்கு 3% வாங்குகிறது.

அப்புறம், நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தால் வரி வராது என்று நம்பாதீர்கள். 2018-இல் வேஃபேர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஒரு மாநிலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றாலே, அங்கே அலுவலகம் இல்லாத நிறுவனமும் வரி வசூலிக்க வேண்டும்.