சிராகூஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிசிலித் தீவில் இருந்த கிரேக்க நகரமான சிராகூஸை ரோமானியர்கள் முற்றுகையிட்டபோது ஆர்க்கிமிடிஸ் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து ரோமானியக் கப்பல்களை எரித்தார் என்று பள்ளியில் படித்தோம். உண்மையா? அப்படிப்பட்ட ஆயுதம் இருந்தும் நகரம் எப்படி வீழ்ந்தது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணாடிக் கதையை நான் நம்பவில்லை. முற்றுகையை விரிவாக எழுதிய பண்டைய எழுத்தாளர்கள் பாலிபியஸ், லிவி, புளூட்டார்க் மூவரிடமும் அது இல்லை. நிஜத்தில் நடந்ததை அது மறைத்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

கி.மு. 213இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸ் 60 கப்பல்களோடு கடல் பக்கமாக வந்தார். 8 கப்பல்களை இரண்டிரண்டாகப் பிணைத்து, அவற்றின்மேல் நெடிய ஏணிகளைக் கிடத்தி, மதிலை ஒட்டியதும் நிமிர்த்திவிடலாம் என்று திட்டம். தொலைவில் வரும்போதே பெரிய கவண்பொறிகள் அடித்தன. சரி, கிட்டே போய்விட்டால் கல் தலைக்கு மேலே பறந்துவிடும் என்று நெருங்கினால், குறைந்த தூரத்துக்கென்றே சிறிய பொறிகளை ஆர்க்கிமிடிஸ் தனியாகச் செய்து வைத்திருக்கிறார். இன்னும் நெருங்கினால் மதிலில் ஆள் உயரத்தில், வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலமே உள்ள துளைகள், அவற்றின் வழியே அம்பு. அதையும் தாண்டினால் மேலிருந்து பாறை விழும், இரும்புப் பிடி ஒன்று இறங்கிக் கப்பலின் முகப்பைக் கவ்வித் தூக்கும். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அடி உண்டு என்று யோசித்து வைத்திருந்தாரே, அந்த மூளையைத்தான் நான் வியக்கிறேன். ரோமானியர்கள் தாக்குதலை விட்டுவிட்டு, வழிகளை அடைத்துப் பட்டினி போடக் காத்திருந்தார்கள்.

வீழ்ச்சிக்கு வழி காட்டியது ஒரு எளிய கணக்கு. முற்றுகையின் நடுவே இரு தரப்பும் பேச்சுவார்த்தை நடத்திய இடத்துக்குப் பக்கத்தில், கலியாக்ரா என்ற கோபுரத்தருகே, ஒரு ரோமானியன் மதிலின் கல்வரிசைகளை எண்ணினான், ஒரு கல்லின் உயரத்தைக் கண்ணளவில் மதித்துப் பெருக்கிப் பார்த்தான். நினைத்ததைவிட மதில் தாழ்வு, சாதாரண ஏணியே போதும்! அப்புறம் 212இல் ஆர்ட்டெமிஸ் திருவிழா வந்தது. மூன்று நாள். ஊரில் சாப்பாட்டுக்குத்தான் தட்டுப்பாடு, மதுவுக்கு இல்லை. காவலர்கள் குடித்துக் கிடந்த இரவில் ரோமானியர்கள் ஏணி சாத்தி ஏறி, நகரின் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார்கள்.

சிராகூஸின் உதவிக்கு வந்த, ரோமின் எதிரியான கார்த்தேஜின் படையைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. பிடிபடாமல் மிச்சமிருந்த பகுதிக்கு, சிராகூஸ் பக்கம் இருந்த மொயரிக்கஸ் என்ற ஸ்பானியக் கூலிப்படைத் தலைவனே ரோமானியர்களை உள்ளே விட்டான்.

ஆர்க்கிமிடிஸை ஒரு சிப்பாய் வெட்டிக் கொன்றான். மார்செல்லஸ் மிகவும் வருந்தினார் என்கிறார்கள். நகரத்தைக் கொள்ளையிடத் தன் படைக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான், அதனால் அந்த வருத்தத்தை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.