ஐயர் பதில்கள்: முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்

புது வருஷ ஆராதனையில் என் மகன் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. அதைப் பர்ஸிலேயே வைத்திருந்தான். இரண்டாம் தடவையும் நீட் கிடைக்கவில்லை. வசனம் பொய்யாகுமா ஐயா? - ஒரு தாயார், சாத்தான்குளம்

அம்மா, இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் சேகரத்துக்கும் (ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபைகளுக்கும்) டிசம்பரில் அந்த அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்குகின்றன. தட்டில் பரப்பி வைத்து, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்கிறவனும் நான்தான். எல்லாம் இனிப்பான வசனங்கள். ‘மனுஷன் வருத்தம் அநுபவிக்கப் பிறந்திருக்கிறான்’ என்று யோபு புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது. அதை எந்த அச்சகத்துக்காரரும் ரோஜாப்பூ படம் போட்டு அடிப்பதில்லை.

‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று உங்கள் மகனுக்கு வந்த அந்த வரி ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதுகிறார். வாசிக்கிறவர்கள் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டவர்கள். அட்டையில் இல்லாத பத்தாம் வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் முடிந்த பின்புதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது. கடிதம் கைக்கு வந்தபோது நாற்பது வயதில் இருந்தவர் மண்ணுக்குள் போயிருப்பார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னவர். அவர் மட்டும் இப்போது இருந்தால் கன்வென்ஷன் பந்தலில் நமக்கு உட்கார இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம் வரும். ஆனால் அது பொய்த் தீர்க்கதரிசனம்.

இன்னொன்று. நம் தமிழ் வேதத்தில் ஆண்டவர் தனி ஆளிடம் பேசும்போது ‘நீ’ என்பார். யோசுவாவிடம் ‘நீ போகும் இடமெல்லாம்’ என்றுதான் சொன்னார். இங்கே ‘உங்கள்பேரில்’ என்கிறார். அது மரியாதைக்காகப் போட்ட ‘உங்கள்’ இல்லை. ஒரு முழு ஜனக்கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. மூலமொழியான எபிரெயுவிலும் பன்மைதான். அதை உங்கள் மகன் ஒருவனுடைய கவுன்சலிங் ரேங்க் மேல் ஏற்றி வைத்தது நாங்கள். வசனம் என்ன செய்யும்?

அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள். பிடிக்காத ஊரிலும் கத்தரி நாற்று நடச் சொல்கிறார்! வேறு படிப்புக்கு விண்ணப்பம் போடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 29:5-ஐ வாசித்துக் காட்டுங்கள். வங்கி எழுத்தர் தேர்வில் நான் மூன்று தடவை தோற்றவன். பீரோ கதவின் உள்பக்கம் என் அம்மா ஒட்டிவைத்த அட்டையைப் பார்க்கவே அந்த வருஷம் எனக்கு எரிச்சலாக இருக்கும். சட்டையைக்கூட கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வேன். உங்கள் மகனும் கொஞ்ச நாள் எரிச்சல்படட்டும். வசனம் சொல்லி அடக்காதீர்கள்.

ஆலயத்தில் செல்போனில் பைபிள் வாசிப்பது சரியா? - ஓய்வு பெற்ற ஆசிரியர், நாசரேத்

சரிதான் சார். 1715-இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஓலைச்சுவடி பழகின கைகளுக்குக் காகிதமே புதுசுதான். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். நாம் இப்போது விரலால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறோம். என் மனத்தாங்கல் வேறு. போனில் வசனத்தைத் தேடினால் அந்த ஒரு வரிதான் முதலில் வந்து நிற்கிறது. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்து வரிகளும் கண்ணில் விழும். சாத்தானும் இயேசுவைச் சோதிக்க வந்தபோது 91-ஆம் சங்கீதத்திலிருந்து தேவையான வரியை மட்டும்தான் எடுத்துக் காட்டினான். அப்புறம், பாடம் வாசிக்கும்போது ரிங்டோன் அடிப்பது தனிப் பாவம்.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா? - ஐ.டி. ஊழியர், சென்னை

தம்பி, தசமபாகத்தில், அதாவது பத்தில் ஒன்றில், ஆலய ஊழியம் செய்த லேவியருக்கும் பங்கு உண்டு. என் சம்பளமும் காணிக்கையிலிருந்துதான் வருகிறது. அதனால் என் பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

தசமபாகத்தையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிற மல்கியா 3:10-ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். உபாகமம் 14-ஐயும் வாசியுங்கள். பத்தில் ஒன்றைக் கொண்டுபோய் ஆண்டவர் சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. தூரமாயிருந்தால் பணமாக்கி, அங்கே போய் இஷ்டப்பட்டதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருஷத்தில் மட்டும் ஊரிலேயே வைத்து லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் கொடுக்க வேண்டும். நம் பக்கத்து அசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் சோறும் குழம்பும் சாப்பிடுகிறோமே, அதேதான்.

வெந்தயத்திலும் சீரகத்திலும்கூட சரியாகப் பத்தில் ஒன்று எடுத்து வைத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு திட்டினார். ஆனால் எடுத்து வைக்காதே என்று சொல்லவில்லை. எங்கள் சபையில் சில பாட்டிமார் இன்னும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுகிறார்கள். பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்று அவர்கள் கேட்டதில்லை. உங்கள் கேள்விக்கு நேர் பதில் வேண்டுமென்றால், கையில் வருவதில் கொடுங்கள். ஊரில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கக் காசு அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

பிரசங்கம் எத்தனை நிமிஷம் இருக்கலாம்? - பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பெயரைச் சொல்லியிருக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடு ராத்திரி வரை நீட்டிப் பேச, ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, கீழே விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்து, உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுபடி மேலே ஏறி விடியும்வரை பேசினார்! நான் பவுல் இல்லை, எங்கள் ஆலயத்துக்கு மாடியும் இல்லை. பதினெட்டு நிமிஷம். பத்தொன்பதில் ஐயரம்மா, அதாவது என் மனைவி, முன் பெஞ்சிலிருந்து கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுவார்.