ஒரு வருடப் பணத்தை இப்போதே கட்டலாமா?

கேள்வி: ஐபிஎல் பார்ப்பதற்காக இந்திய டிஷ் ஒன்று பூட்ட நினைக்கிறேன் ஐயா. "அங்க ரெண்டு பெரிய கம்பனியும் ஒண்டாச்சுது, இனி விலை ஏறும், இப்பவே ஒரு வருசத்துக்குக் கட்டி விடுங்கோ" என்கிறார் டவுனில் உள்ள கடைக்காரர். அவர் எழுதித் தந்த துண்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். கட்டலாமா?
வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: கட்டாதீர்கள் தம்பி.

கடைக்காரர் சொன்ன செய்தி உண்மைதான். ரிலையன்ஸின் வயாகொம்18உம் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் 2024 நவம்பரில் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆகின. 2025 பெப்ரவரியில் இரண்டு பக்கத்துச் செயலிகளையும் சேர்த்து ஜியோஹொட்ஸ்டார் என்று ஆக்கினார்கள். 2022 ஏலத்தில் ஐபிஎல் உரிமைக்குப் போட்டி போட்டவர்களில் இந்த இருவரும்தான் முக்கியமானவர்கள். இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமையை ஸ்டார் 23,575 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. இணைய உரிமைக்கு வயாகொம்18 கொடுத்தது 23,758 கோடி. இரண்டும் 2023 முதல் 2027 வரை. துணைக்கண்டம் என்றால் இலங்கையில் இருக்கும் நாங்களும் அதற்குள்தான்.

அந்தப் போட்டியால் ரசிகருக்கும் நன்மை இருந்தது. 2023இலும் 2024இலும் இந்தியாவில் வயாகொம்18இன் செயலியான ஜியோசினிமாவில் ஐபிஎல்லை இலவசமாகப் பார்த்தார்கள். இணைந்த பிறகு வந்த முதல் பருவத்திலேயே சந்தா வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு 149 இந்திய ரூபாயில் தொடங்கியது. தொகை சின்னதுதான், ஆனால் போட்டியாளர் இல்லாமல் போனதும் இலவசம் எவ்வளவு சுருக்காக மறைந்தது என்று பாருங்கள். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

ஆனால் விலை ஏறும் என்ற பயத்துக்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டிக் கட்டுவது மருந்தாகாது. ஐபிஎல் நடப்பது இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடவாக மட்டும்தான். 2025இல் மார்ச் 22இல் தொடங்கி ஜூன் 3இல் முடிந்தது, 74 ஆட்டங்கள். மற்ற மாதங்களில் வேறு கிரிக்கெட் பார்க்கலாமே என்பீர்கள். ஆசியக் கிண்ண உரிமை 2031 வரை சோனியிடம் இருக்கிறது. ஒரு பெக்கேஜ் எல்லாவற்றையும் காட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. கட்டிய பிறகு அலைவரிசை இடம் மாறினாலும் உங்கள் பணம் பின்னால் போகாது.

அப்புறம், அந்தத் துண்டு. நீல மையில் "12 மாதம், எல்லா ஸ்போர்ட்ஸ்" என்று இருக்கிறது, கீழே தொகை. கடையின் பெயர் இல்லை. எந்த நிறுவனத்தின் பெக்கேஜ் என்று இல்லை. டிஷ் பெட்டியில் போடும் கார்ட்டின் நம்பர் இல்லை. முக்கியமாக, கணக்கு யாருடைய பெயரில் என்று இல்லை. இங்கே ஓடும் இந்திய கார்ட்டுகள் பெரும்பாலும் அங்குள்ள யாரோ ஒருவரின் பெயரிலும் முகவரியிலும் திறந்தவை. நாளை அதை நிறுத்தினால், அந்த நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வாடிக்கையாளரே அல்ல. யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

முதலில் இந்தப் பருவத்தை எங்கள் உள்ளூர் அலைவரிசை ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டயலொக், பியோ டிவி, டிஷ் டிவி லங்கா போல இங்கே அனுமதியோடு நடக்கும் சேவை ஒன்றை எடுத்து, "இந்த ஐபிஎல் எந்த அலைவரிசையில் வருகிறது, அது எந்த பெக்கேஜில் இருக்கிறது?" என்று கேட்டு, மாதத்துக்கு மாதம் கட்டுங்கள். உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் இணைப்பு இருக்கட்டும். நீங்கள் கடற்கரைப் பக்கம் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: உப்புக் காற்றுக்கு டிஷ்ஷின் நட்டும் வயர் பூட்டும் இடமும் சீக்கிரம் கறள் பிடிக்கும். பூட்ட வருபவரிடம் வயர் பூட்டும் இடத்தை டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள்.

2027 பருவத்தோடு இப்போதைய உரிமை முடிகிறது. அடுத்த ஏலத்தில் ஸ்டாரும் வயாகொமும் எதிரெதிராக நிற்கப் போவதில்லை. வேறு பக்கத்திலிருந்து யாராவது வரலாம். டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தத்தின் ரோ நிகழ்ச்சி அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கேபிளை விட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. கிரிக்கெட்டும் டிஷ்ஷை விட்டுப் போகலாம் என்பதால் டிஷ்ஷில் பெரிய பணம் போட இது நேரமல்ல.

கேள்வி: இப்படிப் பெரிய நிறுவனங்கள் இணையும்போது பாவனையாளருக்காகக் கேட்க யாரும் இல்லையா? பணம் கட்டிய அலைவரிசை பாதியில் நின்றால் என்ன செய்வது?
ஆசிரியை ஒருவர், ஓர்ஸ்ஹில்

பதில்: இந்தியாவில் இருக்கிறார்கள் ரீச்சர். ஜியோஸ்டார் இணைப்பை அங்குள்ள போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் நிபந்தனைகளோடுதான் அனுமதித்தது. சில அலைவரிசைகளைக் கைவிட வேண்டும், கிரிக்கெட் விளம்பரக் கட்டணத்தை நியாயமின்றி ஏற்றக் கூடாது என்றெல்லாம் வாக்குறுதி வாங்கியது. எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளை ஆராயும் அதிகாரம் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது விடுபட்டுப் போனது. இது பெரிய ஓட்டை. திருத்த வேண்டும்.

தனி மனிதரின் முறைப்பாட்டுக்கு அதே சட்டத்தில் வழி உண்டு. பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் விசாரிக்க 1977. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. பெக்கேஜில் உள்ள அலைவரிசைப் பட்டியலை, கட்டும் நாளன்றே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு பட்டியல் மாறிவிட்டால், என்ன சொல்லி விற்றார்கள் என்று காட்ட அது உங்களிடம் இருக்கும்.

கேள்வி: வீட்டில் பைபர் இல்லை. ஃபோன் டேட்டாவில் ஒரு மெச் முழுக்கப் பார்த்தால் எவ்வளவு போகும்?
வாசகர் ஒருவர், மூதூர்

பதில்: நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்கில் எச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரண தரத்துக்கு 1 ஜிபி வரை என்கிறது. நேரலையும் ஏறத்தாழ அப்படித்தான். ஒரு இருபது ஓவர் மெச் மூன்றரை, நான்கு மணி நேரம் ஓடும் என்பதால் எச்டியில் 10 ஜிபியைத் தாண்டலாம். ஃபோனின் சின்னத் திரைக்குச் சாதாரண தரமே போதும். செயலியின் செட்டிங்கில் தரத்தை நீங்களே குறைத்து வையுங்கள், 'ஓட்டோ'வில் விடாதீர்கள். இரவில் மட்டும் ஓடும் டேட்டாவை வாங்குவதென்றால் அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். இரவு ஆட்டம் ஏழரைக்கே தொடங்கிவிடும்.