மெக்சிகோ சிட்டியில் டாக்கோ: மாடு தின்னாதவரும் சைவரும் கூட வந்தால்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் மெக்சிகோ சிட்டிக்குப் போகிறோம். மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடையில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் இருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், ஒருத்தி சுத்த சைவம். யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: நீங்கள் சொல்வது எல் கலிஃபா டே லியோன் கடை. சான் ரஃபேல் பகுதியில் 1968 முதல் நடக்கிறது. 2024 மே மாதம் மெக்சிகோவுக்கான முதல் மிஷலின் வழிகாட்டி வெளியானபோது இதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஐந்து பேரும் சேர்ந்து வயிறாரச் சாப்பிட இது ஏற்ற இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார இடம் கிடையாது. சின்னக் கடைக்குள்ளும் வெளியே நடைபாதையிலும் நின்றுதான் சாப்பிட வேண்டும். டாக்கோ என்பது டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறி வைத்துத் தருவது. பட்டியலில் நான்கே டாக்கோ. கவோனேரா, பிஸ்தேக், கோஸ்தீயா மூன்றும் மாடு. சுலேத்தா மட்டும் பன்றி. மாடு தொடாதவர்களுக்கு அந்த ஒன்றுதான். அதுவும் மற்றக் கறி வேகும் தகட்டுப் பக்கத்தில்தான் வேகும். சைவத் தோழிக்கு அங்கே எதுவுமே இல்லை.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், மாலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாடு சாப்பிடும் இருவர் சாயங்காலம் சான் கோஸ்மே மெட்ரோவில் இறங்கி, வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு கவோனேரா மட்டும் சாப்பிடட்டும். ரொடோல்ஃபோ கவோனா என்ற காளைச் சண்டை வீரரின் பெயரால் வந்த டாக்கோ அது. மெல்லியதாக அரிந்த மாட்டின் மென்கறியில் உப்பும் எலுமிச்சைச் சாறும்தான். மசாலா என்று ஒன்றும் இல்லாமல் கறியின் ருசியும் சுடச்சுட வரும் மக்காச்சோள டோர்ட்டியாவின் ருசியும் மட்டும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். தெருக்கடையோடு ஒப்பிட்டால் விலை அதிகம், ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கலாம். எல் கலிஃபா என்ற பெயரில் பல கிளைகள் கொண்ட வேறொரு கடையும் அந்த நகரத்தில் உண்டு. வரைபடத்தில் முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

ஐவரும் சேர்ந்து சாப்பிட நான் சொல்வது இரவில் நடக்கும் பெரிய அல் பஸ்தோர் கடைகளை. நர்வார்த்தே பகுதியில் எல் வில்சிதோ என்று ஒன்று இருக்கிறது. பகலில் கார் பழுதுபார்க்கும் பட்டறையாக இருக்கும் இடம், இரவானால் டாக்கோ கடை. நண்பர்களோடு போக இதைவிடக் கலகலப்பான இடம் சொல்வது கடினம். அல் பஸ்தோர் பன்றிக்கறி, அதனால் உங்கள் மாட்டிறைச்சிச் சிக்கல் அங்கே பெருமளவு தீர்ந்துவிடும். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறைதான் இதற்கு மூலம். ஆட்டுக்குப் பதில் பன்றி வந்தது. வறமிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் சேர்ந்து கறி சிவந்தது. செங்குத்துக் கம்பியில் அடுக்கிச் சுழலவிடும் இந்தக் கறிக்குன்றுக்கு த்ரோம்போ என்று பெயர். உச்சியில் ஓர் அன்னாசித் துண்டு இருக்கும். வெளிப்புறம் கருகிச் சிவந்து, டாக்கோ போடும் டாக்கேரோ கத்தியால் சீவியதும் நேரே டோர்ட்டியாவில் விழுகிறதா என்று பாருங்கள். சீவியதைத் தகட்டில் கொட்டி வதக்கித் தருகிறார் என்றால் பெரும்பாலும் த்ரோம்போ இன்னும் சரியாக வேகவில்லை. பகலில் இந்தத் தொல்லை அதிகம். அல் பஸ்தோரை இரவில் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

மாடு தொடாத இருவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழுப்புக் கொப்பரை வைத்திருக்கும் கடைகளில் சுவாதேரோ என்ற மாட்டுக்கறியும் லோங்கனீசா என்ற பன்றித் தொத்திறைச்சியும் ஒரே கொழுப்பில் கிடக்கும். பெயரளவில் பன்றிதான், ஆனால் மாட்டின் கொழுப்பு சேராமல் இருக்காது. உங்களுக்கு இது முக்கியம் என்றால் த்ரோம்போவோடு நின்றுவிடுங்கள். கம்பேச்சானோ என்பது இரண்டையும் கலந்து தருவது, அதைக் கேட்கவே வேண்டாம்.

சைவத் தோழியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் அக்கறை, ஏனென்றால் இப்படிப்பட்ட பயணங்களில் அவர்தான் பசியோடு திரும்புகிறார். 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே கார்னே என்றால் பலருக்கு மாட்டுக்கறிதான், கோழியைப் போட்டு அன்போடு நீட்டுவார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் மன்தேக்கா' என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். போயோ கோழி, மன்தேக்கா பன்றிக்கொழுப்பு. மசித்த பீன்ஸ் பெரும்பாலும் அதில்தான் வதங்கும். கேட்கத் தகுந்தவை நோபால் என்ற கள்ளிமடல், காளான், பூசணிப்பூ, மக்காச்சோளக் கதிரில் வளரும் பூஞ்சையான வித்லகோச்சே. கடைசியாகச் சொன்னதன் கருநிறம் பார்த்துத் தயங்க வேண்டாம், அருமையான ருசி. டோர்ட்டியாவை மடித்துச் சுடும் கேசடியா கேட்டால் 'கோன் கேசோ' (சீஸோடு) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இந்த நகரத்தில் சீஸ் இல்லாமலும் கேசடியா வரும். கறி வதங்கும் தகட்டில் சுட்டதே வேண்டாம் என்பவர் என்றால், ரோமா பகுதியில் போர் சியெம்ப்ரே வெகானா என்ற முழுச் சைவ டாக்கோ கடைக்கு ஒரு நாள் ஐவரும் போங்கள். மற்ற நால்வரும் குறைப்பட மாட்டார்கள்.

ஊர் மிளகாய்க்குப் பழகிய நாக்கு என்ற தைரியத்தில் சல்சா என்ற காரச் சட்னியை அள்ளி ஊற்றாதீர்கள். சிவப்புதான் காரம் என்று நம்மவர்கள் நினைப்பார்கள். பல கடைகளில் செர்ரானோ மிளகாய் அரைத்த பச்சைதான் பதம் பார்க்கும், அபனேரோ மிளகாய் சேர்ந்தது அதையும் தாண்டும். 'குவால் பீக்கா மாஸ்?' என்று கேட்டால் எது அதிகக் காரம் என்று விரலால் காட்டிவிடுவார்கள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூட்டம் நிறைந்த கடையில் சல்சாவும் சீக்கிரம் தீர்ந்து புதிதாக வரும், வயிற்றுக்கு அதுதான் பாதுகாப்பு. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். செம்பருத்தியில் போடும் ஹமைக்கா, அரிசியும் பட்டையும் சேர்ந்த ஓர்ச்சாத்தா இரண்டையும் சுத்திகரித்த தண்ணீரில் தயாரிக்கும் கடையாகப் பார்த்துக் குடிக்கலாம்.

டாக்கோ உள்ளங்கை அளவுதான், ஆளுக்கு நான்கைந்து ஓடிவிடும். ஆனால் ஐந்து பேருக்கும் இருபத்தைந்தை ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஆறினால் டோர்ட்டியா விறைத்து, கொழுப்பு உறைந்துவிடும். முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு. தின்று முடித்ததும் மறுபடி சொல்லுங்கள். 'கோன் தோதோ' என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டுத் தருவார்கள். 'தோஸ் தே பஸ்தோர்' என்றால் பஸ்தோரில் இரண்டு. ஐவரும் ஆளுக்கொரு பக்கம் கத்தாமல் ஒருவரே டாக்கேரோவிடம் பேசட்டும். அவரே கணக்கும் வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் தெருக்கடைகளில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எத்தனை என்று கேட்டுக் காசு வாங்குவார்கள். கார்டு எல்லா இடத்திலும் செல்லாது, சில்லறைப் பெசோ நோட்டுகள் கையில் இருக்கட்டும். மேசை போட்டுப் பரிமாறும் கடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பில்லில் 'ப்ரோபீனா' (டிப்ஸ்) என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.