பி.காம். படிக்கட்டும், கேமராவும் பிடிக்கட்டும்

அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் வந்துபோன பிறகும் உங்கள் மகள் பேசியதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "சுஹாசினி மாதிரி வரணும் சார்" என்றாள். இந்த வயதில் யாரும் அந்த நடிகையின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்களோ அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, "பி.காம். சேர்த்துவிட்டா மறந்துடுவா இல்ல சார்?" என்று கேட்டீர்கள். மறக்க மாட்டாள் அம்மா. ஆனால் அவள் சொன்ன பெயரே உங்களுக்கும் எனக்கும் உதவியாக இருக்கிறது.

சுஹாசினி நடிகையாக வேண்டும் என்று சினிமாவுக்கு வந்தவர் இல்லை. சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் அவர் படித்தது ஒளிப்பதிவு. பெண்கள் எட்டிப் பார்க்காத பிரிவு அது. பிறகு ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளர் ஆனார். அந்தக் காலத்தில் கேமரா உதவியாளர் என்றால், கருப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, பார்க்காமலே விரலால் தடவித் தடவி பிலிம் மாட்ட வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போனாலும் எடுத்த காட்சி பாழ். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரை நடிகையின் கன்னத்தருகே பிடித்து அளவு சொல்ல வேண்டும். அப்படி லைட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்ணைத்தான் இயக்குநர் மகேந்திரன் 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தில் கதாநாயகி ஆக்கினார். 1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் நடித்ததற்குத் தேசிய விருது. 1995இல் 'இந்திரா' படத்தை இயக்கினார்.

சரி, அவர் கமல்ஹாசனின் அண்ணன் மகள்தானே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. உண்மைதான், உங்கள் வீட்டில் அப்படி ஒரு சித்தப்பா இல்லை. ஆனால் அசோக்குமாரிடமே உதவியாளராக இருந்த பி.ஆர்.விஜயலட்சுமி நடிக்கப் போகவில்லை. 1985இல் 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாகக் கேமரா பிடித்தார். நடிப்பு வாய்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருந்தது.

அதே திரைப்படக் கல்லூரி இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று நான்கு வருடப் பட்டப்படிப்புகள். அரசுக் கல்லூரி, இடங்கள் மிகக் குறைவு. எந்தப் பிரிவுக்கு பிளஸ் டூவில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பு வந்ததும் முதலில் பாருங்கள். நடிப்புதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றால், புனே திரைப்படக் கல்லூரியிலும் டெல்லி தேசிய நாடகப் பள்ளியிலும் ஒரு டிகிரி முடித்த பிறகுதான் சேர முடியும். ஆக, நீங்கள் சொல்லும் பி.காம். வீண் போகாது. சென்னையில் சேர்த்தால் சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு நாடகக் குழுவோடு பழகட்டும். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் விஜய் சேதுபதி கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான்!

அப்புறம், வாய்ப்புத் தேடக் காட்டும் போட்டோ தொகுப்பு, அதாவது போர்ட்போலியோ எடுக்க நாற்பதாயிரம் கேட்கிறார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னீர்களே, அவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நடிக்கக் கூப்பிடுபவர் உங்களுக்குத்தான் சம்பளம் தர வேண்டும். முகம் பார்க்க வரச் சொன்னால் நீங்களும் கூடப் போங்கள், பகலில் போங்கள், ஹோட்டல் அறை என்றால் போகவே போகாதீர்கள்.

தேர்வு முடியும்வரை சினிமாப் பேச்சு வேண்டாம். முடிந்ததும் அவள் போனிலேயே மூன்று நிமிடத்துக்கு ஒரு சின்னப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடுப்படியில் தோசை சுடுவதை எடுத்தாலும் போதும். ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு மே மாதம் வாருங்கள். அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். போன முறை அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.